இரண்டரை மணிக்கு விழிப்பது யார்?

என் இடுப்பில் தொங்கும் சிறு பெட்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி நமது ஆசிரியர் கேட்டு நான்கு மாதங்கள் ஆகின்றன. பொங்கல் விழாவில் அதைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு ஊகம் சொன்னார்கள். பழைய பேஜரை இன்னும் விடவில்லையா என்றார் ஒருவர். காது கேட்கும் மிஷின் இடுப்பில் எதற்கு என்றார் இன்னொருவர். சர்க்கரைக்காக என்று நான் சொன்னதும், "இதற்கா இவ்வளவு? வெந்தயத்தை ராத்திரி ஊறப்போட்டு வெறும் வயிற்றில் சாப்பிடுங்கள் சார்" என்று மூன்று பேர் ஏறக்குறைய ஒரே குரலில் சொன்னார்கள். அன்பினால் சொன்னதுதான். ஆனாலும் என் போன்றவர்களுக்கு வெந்தயம் ஏன் உதவாது என்பதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

நம்மில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சாதாரணமாக வருவது இரண்டாம் வகை நீரிழிவு. அதில் கணையம் இன்சுலினைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. போகப்போகச் சுரப்பும் குறைகிறது. நடை, உணவுக் கட்டுப்பாடு, மாத்திரை என்று பல வருடம் ஓட்டலாம். முதல் வகை வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திசைமாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து இன்சுலின் செலுத்தினால்தான் உயிர். இது குழந்தைகளுக்கு மட்டும் வரும் என்று ஓர் எண்ணம் உண்டு. முப்பதிலும் நாற்பதிலும்கூட வரும். எனக்கு வந்தது 1999-ல், 25 வயதில். தில்லிக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம், கல்யாணமாகி எட்டு மாதம். முதலில் பார்த்த மருத்துவர் என் வயதை வைத்து இரண்டாம் வகை என்று முடிவு செய்து மாத்திரை கொடுத்தார். ஆறு வாரத்தில் 11 கிலோ இளைத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் இன்ன வியாதி என்று தெரிந்தது.

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-ல், கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக அதை ஊசி வழியே செலுத்தினார்கள். அதுவரை இந்த வியாதி கண்டவர்கள் பட்டினி கிடந்து உயிரைச் சில மாதங்கள் நீட்டித்துக்கொண்டார்கள், அவ்வளவே. ஆக, மருந்து கிடைத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எப்போது, எவ்வளவு போடுவது என்பதுதான் இத்தனை காலமாகப் பெரும்பாடு. கணையம் அந்தக் கணக்கை நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்துவந்தது. அது கைவிட்ட பிறகு நாம் விரலைக் குத்தி ரத்தம் பார்த்து, சாப்பிடப்போகும் இட்லியை எண்ணி, மனக்கணக்காகப் போட்டுக்கொள்கிறோம். பகலில் எப்படியோ சமாளித்துவிடலாம். தூங்கும்போது?

ராத்திரியின் பயம்

சர்க்கரை வியாதி என்றதும் சர்க்கரை ஏறிவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இன்சுலின் போடுகிறவனுக்கு அது இறங்குவதுதான் உடனடி பயம். 70-க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும். 54-க்கும் கீழே போனால் மூளைக்கு ஆகாரம் போதாது. பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், பிறகு நினைவு தப்பும், வலிப்பும் வரலாம். விழித்திருக்கும்போது உடம்பு தரும் எச்சரிக்கையைப் புரிந்துகொண்டு ஒரு வாய் சர்க்கரையைப் போட்டுக்கொள்ளலாம். தூக்கத்தில் அந்த எச்சரிக்கையே மங்கிவிடுகிறது. எச்சரிக்கை தரும் அட்ரினலின் தூக்கத்தில் போதிய அளவு சுரப்பதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பல வருடம் இதனோடு வாழ்பவர்களுக்குப் பகலிலேயே அடையாளம் தெரியாமல் போவதும் உண்டு. எனக்குப் பத்து வருடத்தில் அப்படி ஆகிவிட்டது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை முதல் வகைக்காரர்கள் 1,441 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்து வைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைப் பெருமளவு காப்பாற்றலாம் என்று சந்தேகமறக் காட்டியது அதுதான். கண் பாதிப்பு புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. இன்றைக்கும் எந்த டாக்டரும் நம்மை மிரட்டுவது அந்த ஆராய்ச்சியை வைத்துத்தான். ஆனால் அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் சொன்னது. இறுக்கிப் பிடித்தவர்களுக்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்குவது ஏறக்குறைய மூன்று மடங்கு ஆயிற்று. அப்படி இறங்கியவற்றில் பாதிக்கு மேல் தூக்கத்தில் நடந்தவை. கண்ணைக் காப்பாற்று, ஆனால் ராத்திரி உயிரோடு விளையாடாதே என்று இரண்டு பக்கமும் இழுத்தால் மனிதன் என்ன செய்வான்? என்னைப் போல் பலர் செய்தது இதுதான்: படுக்கும்போது சர்க்கரையை வேண்டுமென்றே 180, 200 என்று மேலே வைத்துக்கொண்டு தூங்கினோம். பயத்துக்குக் கொடுத்த வட்டி.

அந்தக் காலத்தில் போட்டுக்கொண்ட இன்சுலினும் ஒத்துழைக்கவில்லை. பால் போலக் கலங்கலாக இருக்கும் அந்த மருந்தை ராத்திரி சாப்பாட்டோடு எட்டு மணிக்குப் போட்டால், நடுநிசிக்கு மேல் அதன் வேகம் உச்சத்துக்கு வரும். அதாவது வீட்டில் எல்லோரும் அசந்து தூங்கும் நேரம். பிறகு விடியற்காலையில் மருந்தின் பிடி தளரும். அதே நேரம் உடம்பு விழிப்பதற்குத் தயாராகிச் சில ஹார்மோன்களைச் சுரக்க, சர்க்கரை தானாக ஏறும். இரண்டு மணிக்கு 60, ஏழு மணிக்கு 260. பின்னால் வந்த நீண்டநேர இன்சுலின்கள் இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைத்தன. ஆனால் அவையும் படுக்கும்போது போட்ட அளவு போட்டதுதான். அன்று மாலை நான் பஸ் கிடைக்காமல் மூன்று கிலோமீட்டர் நடந்தேன் என்பது ஊசிக்குத் தெரியாது.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு அலாரம் கடிகாரம் வந்தது. இரண்டரை மணி அலாரம். அது என் மனைவிக்கு. ஊரில் கூட்டுக் குடும்பமாக இருந்தால் அம்மா ஒரு நாள், அத்தை ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டிருக்கலாம். தில்லியில் ஒன்றரை அறை வீட்டில் முறை வைக்க ஆள் ஏது? இருபது வருடத்துக்கு மேல் அவள் ஒருத்தியே எழுந்து, கொசுவலைக்குள் கையை விட்டு என் விரலைக் குத்தி, எண்ணைப் பார்த்துவிட்டுப் படுத்தாள். காலையில் ஆறரைக்கு எழுந்து இரண்டு டிபன் டப்பா கட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தவும் போனாள்.

இறங்கியிருந்தால் சும்மா படுத்துக்கொள்ள முடியாது. "ஏங்க, வாயைத் திறங்க" என்று அவள் சர்க்கரைத் தண்ணீரை நீட்டுவாள். நான் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சண்டை போடுவேனாம், டம்ளரைத் தட்டிவிடுவேனாம். மறுநாள் எனக்கு எதுவும் நினைவிருக்காது. மெத்தையில் கறை மட்டும் இருக்கும். 2007 ஜனவரியில் ஒரு ராத்திரி வாயே திறக்கவில்லை, வலிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு சர்தார்ஜி, அந்தக் குளிரில் ஸ்வெட்டர்கூடப் போடாமல், தமது மாருதியில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். இன்றும் அவர் பெயரைச் சொன்னால் என் மனைவிக்குக் கண் கலங்கும்.

வருடாவருடம் ஊருக்குப் போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பயணமும் அப்படித்தான். இரண்டு ராத்திரி. நான் கீழ் பெர்த்தில். எதிர் பெர்த்தில் அவள் டார்ச்சும் குளுக்கோஸ் பொட்டலமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விஜயவாடா தாண்டியதை அவள்தான் ஒவ்வொரு வருடமும் பார்த்தவள்.

தூங்குகிறவனுக்கு ஒரு கணையம்

சர்க்கரையைத் தானே அளந்து, இன்சுலினைத் தானே விடும் கருவி வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1970-களிலேயே பயோஸ்டேட்டர் என்று ஒன்று செய்தார்கள். பீரோ மாதிரி பெரியது. கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நரம்பிலிருந்து ரத்தத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வெளியே அதனால் பயனில்லை. பிறகு இடுப்பில் மாட்டும் பம்ப் வந்தது. தோலுக்கடியில் இருக்கும் நீரில் சர்க்கரையை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அளக்கும் சென்சார் வந்தது. இரண்டும் தனித்தனியாக இருந்தன. சென்சார் கத்தும், மனிதன் எழுந்து பம்பை நிறுத்த வேண்டும். எழுந்தால்தானே? 2009-ல் ஐரோப்பாவில் வந்த ஒரு பம்ப், சர்க்கரை மிகவும் இறங்கி, அலாரத்துக்கு யாரும் பதில் சொல்லாவிட்டால், தானாகவே இன்சுலினை இரண்டு மணி நேரம் வரை நிறுத்திவிடும். சின்ன காரியம்தான். ஆனால் ஆளைக் கேட்காமல் இயந்திரம் ஒரு முடிவு எடுத்தது அதில்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ரோமன் ஹோவோர்கா என்ற பேராசிரியரின் குழு, முழு நாளையும் ஒரேயடியாகப் பிடிக்கப் பார்க்காமல் ராத்திரியை முதலில் எடுத்துக்கொண்டது. எனக்கு இது மிகவும் புத்திசாலித்தனமாகப் படுகிறது. ராத்திரிதான் பயம் அதிகம். ஆனால் கணக்கு சுலபம். சாப்பாடு இல்லை, நடை இல்லை, மேலதிகாரியின் கோபம் இல்லை. இன்சுலினுக்கு வேகம் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகலில் அதற்குள் இரண்டு காரியம் நடந்துவிடும், ராத்திரியில் காத்திருக்க அவகாசம் உண்டு. 2011-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் வயது வந்தவர்கள் 24 பேர். பன்னிரண்டு பேருக்கு வீட்டுச் சாப்பாடு மாதிரி மிதமான உணவு. மற்றவர்களுக்கு ஓட்டலில் சாப்பிடுவது போலத் தாமதமாகப் பெரிய சாப்பாடு, கூடவே ஒயின். இரண்டு தரப்பிலும் கருவி சர்க்கரையை மேலான கட்டுப்பாட்டில் வைத்தது. தாமதச் சாப்பாட்டையும் சேர்த்துச் சோதித்தார்களே, அவர்கள் தில்லிக் கல்யாணத்துக்கு வந்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அது ஆஸ்பத்திரிக் கட்டிலில். 2014-ல் வந்த அடுத்த ஆய்வில் வயது வந்தவர்களைக் கருவியோடு வீட்டுக்கே அனுப்பினார்கள். நான்கு வாரம் ராத்திரியில் தானியங்கி முறை. இன்னொரு நான்கு வாரம் அதே பம்ப், அதே சென்சார், ஆனால் முடிவெடுப்பது மனிதன். நடுநிசியிலிருந்து காலை ஏழு வரை சர்க்கரை 70-க்கும் 144-க்கும் இடையே இருந்த நேரம், மனிதன் பார்த்துக்கொண்டபோது சுமார் 39 சதவீதம்; கருவி பார்த்துக்கொண்டபோது சுமார் 53 சதவீதம். எண்ணாகப் பார்த்தால் பிரமாதமாகத் தோன்றாது. மருத்துவர், நர்ஸ் யாரும் மேற்பார்வை செய்யாமல், அவரவர் படுக்கையில் தூங்கிக்கொண்டு கிடைத்தது என்பதில்தான் விசேஷம்.

இதற்கிடையே அமெரிக்காவில் சியாட்டில் நகரில் டேனா லூயிஸ் என்ற பெண்மணி, தனியாக வசிப்பவர், முதல் வகைக்காரர். சென்சாரின் அலாரம் அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்குச் சத்தமாக இல்லை. ஒருநாள் எழுந்திராமலே போய்விடுவோமோ என்ற பயம். கம்பெனியைக் கேட்டுப் பார்த்துவிட்டு, சத்தமான அலாரத்தைத் தாமே செய்துகொள்ளக் கிளம்பினார். பிறகு கணவராக வந்தவரும் சேர்ந்துகொள்ள, அலாரம் வளர்ந்து, முன்கூட்டிக் கணித்து, 2014 டிசம்பரில் பம்பைத் தானே இயக்கும் முறையாகிவிட்டது. 2015-ல் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அரசாங்க அனுமதி பெற்ற முதல் கருவி அமெரிக்காவில் வந்தது அதற்கும் அடுத்த வருடம், 2016 செப்டம்பரில். பயந்தவர்கள் அவசரப்பட்டால் எவ்வளவு காரியம் நடக்கிறது பாருங்கள்.

2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 168 பேரை ஆறு மாதம் பார்த்தது. 14 வயதுப் பிள்ளையிலிருந்து 71 வயதுப் பெரியவர் வரை. 70-க்கும் 180-க்கும் இடையே சர்க்கரை இருந்த நேரம் கருவி வைத்தவர்களுக்கு 61 சதவீதத்திலிருந்து 71 ஆயிற்று. மற்றவர்களுக்கு 59-லேயே நின்றது. அதிலும் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது விடியற்காலை ஐந்து மணி அளவில். இங்கிலாந்தில் 2023 டிசம்பரில், முதல் வகைக்காரர்களில் தகுதியுள்ளோருக்கு இதை அரசாங்க மருத்துவத் திட்டத்திலேயே கொடுக்கலாம் என்று பரிந்துரைத்துவிட்டார்கள். ஐந்து வருடத்தில் படிப்படியாக, 2024 ஏப்ரலிலிருந்து. இந்தியாவிலும் இவ்வகைக் கருவி கிடைக்கிறது, காசு நம்முடையது. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

எப்படி வேலை செய்கிறது?

நம் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் அது உள்ளே மாற்றி மாற்றி ஒரே அளவில் கொடுக்கப் பார்க்கும். இதுவும் அப்படித்தான், ஒரு வித்தியாசத்தோடு. ஸ்டெபிலைசர் இந்த நொடியை மட்டும் பார்க்கும். இது அடுத்த அரை மணியில் எங்கே போகும் என்று கணித்து இப்போதே கையை இழுத்துக்கொள்ளும். உள்ளே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாதல்லவா?

கையில் ஐந்து ரூபாய் நாணய அளவில் சென்சார். வயிற்றில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழல், அதிலிருந்து பம்புக்கு டியூப். சென்சார் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணைக் கம்பியில்லாமல் அனுப்பும். பம்புக்குள் இருக்கும் கணக்கு, சர்க்கரை எவ்வளவு, எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம், இன்னும் உடம்பில் வேலை செய்யாமல் மிச்சமிருக்கும் இன்சுலின் எவ்வளவு என்று பார்த்து, அடுத்த ஐந்து நிமிஷத்துக்கான துளியைத் தீர்மானிக்கும். எனக்கு ராத்திரியில் மணிக்கு முக்கால் யூனிட் அளவில்தான் போகும். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் எவ்வளவு சிறிய துளி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போன டிசம்பரில் அலுவலக நண்பர் மகள் கல்யாணம், குர்காவ்னில். பதினோரு மணிக்குத்தான் சாப்பாடே போட்டார்கள். பன்னீர் மக்கனி, நான், நெய் வழியும் பருப்பு. என்ன சாப்பிடப்போகிறேன் என்பதை நான்தான் பம்புக்குச் சொல்ல வேண்டும், சொன்னேன். பன்னிரண்டரைக்குப் படுத்தபோது 171. நெய்யும் வெண்ணெயும் ஜீரணத்தைத் தாமதப்படுத்துவதால் ஒன்றரைக்கு 204 ஆயிற்று. பம்ப் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் விட்டுக்கொண்டிருந்தது. இரண்டரைக்கு 158, இறங்குமுகம். இரண்டே முக்காலுக்குப் பம்ப் நின்றுவிட்டது. மூன்றேகாலுக்கு 109, மூன்று ஐம்பதுக்கு 94. அங்கே நிதானித்து, சொட்டுச் சொட்டாக மறுபடி ஆரம்பம். ஐந்துக்கு மேல் விடியற்காலை ஏற்றத்துக்காகக் கொஞ்சம் கூட்டியது. ஆறரைக்கு எழுந்தபோது 113. இதெல்லாம் காலையில் காபி குடித்துக்கொண்டே போனில் படித்த கதை. அந்த ராத்திரி ஊசியும் அலாரமும் மட்டும் இருந்திருந்தால், என் மனைவி 204-ஐப் பார்த்துப் பயந்து கூடுதலாக ஊசி போடுவதா, விடுவதா என்று ஒன்றரைக்கு உட்கார்ந்து யோசித்திருப்பாள்.

நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு அல்ல

இது முழுக் கணையம் அல்ல என்பதைப் புகழ்ச்சியின் நடுவே மறந்துவிடக் கூடாது. சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். இன்சுலினை நிறுத்த இதனால் முடியும். சர்க்கரையைக் கொடுக்க முடியாது. படுக்கப்போகும்போது மிச்ச இன்சுலின் அதிகமாக இருந்தால், பம்ப் நின்ற பிறகும் இறங்கத்தான் செய்யும். தலைமாட்டில் குளுக்கோஸ் இன்றைக்கும் இருக்கிறது.

சென்சார் இருக்கும் கையின்மேல் அழுத்திப் படுத்தால் பொய்யாக 55 என்று காட்டும். பம்பும் அதை நம்பி நிறுத்திவிடும். புரண்டு படுத்தால் சரியாகிவிடும். அலாரம் அடித்தால் முதலில் விரலைக் குத்திப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். பம்பின்மேல் ஒருக்களித்துப் படுத்தால் சில சமயம் செய்தியே போய்ச் சேராது. இவை தொல்லைகள் மட்டுமே.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பம்ப் வைத்திருப்பவருக்கு நீண்டநேர இன்சுலின் உடம்பில் இருப்பு கிடையாது. வயிற்றிலுள்ள குழல் மடங்கினாலோ, கழன்றாலோ சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இல்லாத நிலை வரும். ரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். இரண்டாவது வருடம் ஜூன் மாதம், வியர்வையில் ஒட்டு தளர்ந்து குழல் மடங்கிவிட்டது. பம்ப் கொடுத்துக்கொண்டே இருப்பதாக நினைத்தது. நாலு மணிக்கு அலாரம்: 318, ஏறுமுகம். இதற்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறது. கீட்டோன் பார், பம்பை நம்பாதே, பேனா ஊசியால் போடு, குழலை மாற்று, தண்ணீர் குடி. அப்படியே செய்தோம். எட்டு மணிக்கு 160. பேனாவும் புதிய குழலும் வீட்டில் இல்லாதவர் பம்ப் வாங்கவே கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

தில்லி வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 45 டிகிரியில் பம்புக்குள் இருக்கும் இன்சுலினும் சூடாகும், வீரியம் குறையும். மே, ஜூனில் குழலையும் மருந்தையும் இரண்டு நாளிலேயே மாற்றுகிறேன். நண்பகல் வெயிலில் பைக் ஓட்டுவதை விட்டுவிட்டேன்.

மனையும் தூக்கமும்

கருவிக்குச் சில லட்சம். பிறகு சென்சார், குழல், மருந்து என்று மாதாமாதம் ஆகும் செலவு ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டு வாடகைக்குச் சமம். நான் பிரீமியம் கட்டிவந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி, இது ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்யும் சிகிச்சை அல்ல என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. 2004-ல் வாங்கியது. ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பி, முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் கிணறு என்று வீடு கட்டுவதாகத் திட்டம். நம் சங்கத்தில் இந்தத் திட்டம் இல்லாதவர் யார்? அதை விற்கலாம் என்று சொன்னது நான் இல்லை. நான் மூன்று மாதம் தயங்கினேன். "தூக்கம் இல்லாம அந்த வீட்டுக்குப் போய் என்னங்க பண்றது?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மனை போயிற்று.

கருவி வந்து முதல் நான்கைந்து மாதம் அலாரம் இல்லாமலே அவளுக்கு இரண்டரைக்கு விழிப்பு வந்தது. எழுந்து போனில் எண்ணைப் பார்த்துவிட்டு, அப்புறமும் என் நெற்றியைத் தொட்டு வியர்க்கிறதா என்று பார்ப்பாள். எண்ணை நம்ப அவளுக்கு அவ்வளவு காலம் பிடித்தது. இப்போது ஆறு மணி வரை தூங்குகிறாள். தலைவலி போய்விட்டது என்கிறாள். இருபது வருடமாக அவளுக்குத் தலைவலி இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆய்வுகளில் இதற்கு ஒரு கட்டம் போட்டு எண் எழுதுகிறார்களா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

எல்லோராலும் மனை விற்க முடியாது, எல்லோருக்கும் மனையும் இல்லை. இதற்கும் கீழே படிகள் உண்டு. சென்சாரை மட்டும் வாங்கி, இறங்கினால் அலாரம் அடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். வேறு ஊரில் தனியாக இருக்கும் மகனின் எண் இங்கே அப்பாவின் போனிலும் அலறும்படி செய்யலாம். எப்போதும் மாட்டிக்கொள்ள முடியாவிட்டால், மருந்தின் அளவை மாற்றும் சமயத்தில் மட்டும் இரண்டு வாரம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் முடியாவிட்டால் பழைய நீண்டநேர இன்சுலினும், படுக்குமுன் ஒரு குத்தலும், அதிகம் நடந்த நாளில் நடுநிசியில் இன்னொரு குத்தலும். எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் கணக்குத் துறையில் குப்பை கொட்டியவன்.

ஆனால் வீட்டிலுள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுக்குக் காசு ஆகாது. 70-க்குக் கீழே இருந்து, நினைவோடு இருந்தால், மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, தண்ணீரில் கரைத்து. கால் மணி கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் மறுபடி அதே அளவு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆஸ்பத்திரி. குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் அதைப் போடலாம். போடும் விதத்தை முன்னதாகவே கற்றுவையுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவருக்காவது விஷயத்தைச் சொல்லிவையுங்கள். சட்டைப் பையில் வைக்கும் சீட்டைத் தமிழில் எழுதினால் தில்லி ஆட்டோக்காரர் என்ன செய்வார்? ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

நம் உறுப்பினர் வீடுகளில் முதல் வகைக்காரர் யாராவது இருந்து, இந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்பினால், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு வரலாம். விலாசம் சங்க அலுவலகத்தில் கிடைக்கும். கணவர் மட்டும் வராமல் மனைவியையும் அழைத்து வாருங்கள்; அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு, அவற்றுக்குப் பதில் சொல்ல என் மனைவி இருப்பாள். டிபன் உண்டு. தோசைக்கு இவ்வளவு, சட்னிக்கு இவ்வளவு என்று மாவுச்சத்துக் கணக்கையும் சொல்லித்தான் பரிமாறுவோம்.